அங்கம்மா கோணல்

ஆடி 28, புதன்

காலையிலிருந்து மேற்கத்திக் காற்று. மழை இல்லை.

இவ்வளவுதான் தினமும் சொல்லச் சொல்லியிருக்கிறார் பிரின்சி மேடம். மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பிள்ளை. மலையில் நிற்கும் ஊசியிலை மரங்கள் எந்த மழைக்கு எப்படி வளரும், எந்த வெயிலுக்கு வளராமல் நிற்கும் என்பதுதான் அவர் படிப்பு. எங்கள் கொம்புக்காட்டில் பத்துப் பைன் மரத்துக்கு இடுப்பில் மெல்லிய தகரப்பட்டை கட்டி ஸ்பிரிங் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மரம் பருத்தால் பட்டை விட்டுக்கொடுக்கும். அதையும் பார்க்க வேண்டும், அன்றன்றைக்கு வானம் எப்படி என்றும் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது ஞாபகம் வந்தாலும் சொல்லுங்க ஐயா என்றார். ஞாபகம்தானே, அதற்கு என்னிடம் பஞ்சமில்லை.

எழுத்துதான் தெரியாது. கைநாட்டு. மருமகள் தமயந்தி எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் ஓடிப்போவார்களாம். கொஞ்சம் சீர் பண்ணித்தான் எழுதுவாளாம். பண்ணட்டும்.

என் பெயர் வேலாண்டி. இந்த மலைச்சரிவு முழுக்கப் பைன் நட்டபோது நடவு மேஸ்திரி. அதற்கு முன்னால் இது வெறும் புல்லுமேடு. எந்த வருஷம் எந்த ஓடை வற்றியது, எந்த வருஷம் பனியில் கிழங்கு கருகியது, எல்லாம் கேட்டால் சொல்லுவேன். ஊரில் வழக்கு என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டில் நான், தமயந்தி, பேத்தி யாழினி. மகன் முருகவேல் திருப்பூரில் சாயப்பட்டறையில். என் வீட்டுக்காரி அங்கம்மா போன ஐப்பசியில் போய்விட்டாள். வருஷத் திதி முடிகிறவரை வீட்டைப் பூட்டக்கூடாது, விளக்கு அணையக்கூடாது. எங்கள் ஆட்களில் அது வழக்கம்.

பின்கதவு மறுபடியும் தரையில் உரசியது. இழைப்புளியை எடுத்து இழைத்துவிட்டேன். ஈரத்துக்குக் கட்டை ஊதுகிறது.

ஆடி 30, வெள்ளி

காற்று. மழை இல்லை.

(கதவை இழைத்ததை எல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "சொன்னதை எழுது தாயி" என்றார். அதனால் எழுதுகிறேன். – தமயந்தி)

ஆவணி 4, புதன்

மேடம் வந்தார். உள்ளே ஓட்டை உள்ள திருகுக் கம்பி ஒன்று வைத்திருக்கிறார். அதை மரத்தின் நெஞ்சில் வைத்துத் திருகு திருகு என்று திருகினார். இழுத்தால் பென்சில் கனத்தில் ஒரு குச்சி வருகிறது, மரப்பட்டையிலிருந்து நடுத்தண்டு வரைக்கும். மரம் சாகாதாம். பிசின் விட்டுத் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம்.

குச்சியில் கோடு கோடாக இருந்தது. நல்ல மழை என்றால் அகலக் கோடு, வறட்சி என்றால் நூல் மாதிரி. மேடம் நகத்தால் ஒன்றைக் காட்டி, "இந்த வருஷம் என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுமா ஐயா?" என்றார்.

நட்டதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். "ஆறாம் வருஷம். சோலைக்குள்ள இருக்குற ஊத்தே நின்னுபோச்சு. காட்டெருமை பகல்ல ஊருக்குள்ள வந்து தொட்டித் தண்ணி குடிச்சுது."

அவர் கையிலிருந்த மழைக்கணக்குக் காகிதத்தைப் பார்த்தார். சரியாம். இன்னொன்றைக் காட்டினார். அதுவும் சரி. ஓரிடத்தில் இரண்டு கோடு நெருக்கமாக இருந்தது. "ரெண்டு வருஷம்" என்றேன். இல்லை, ஒரே வருஷம்தானாம். நமக்கு ஆடியில் ஒரு சாரல், ஐப்பசியில் ஒரு மழை. நடுவில் வெயில் அதிகம் காய்ந்தால் மரம் வருஷம் முடிந்தது என்று நினைத்துக் கோடு போட்டுவிடுமாம். பிறகு மழை வந்ததும் மறுபடி வளருமாம். பொய் வளையம் என்று பெயர். மரமும் ஏமாறும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

செபஸ்தி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவன் நின்று வேடிக்கை பார்த்தான். பக்கத்து வீடு. நாற்பது வருஷச் சிநேகிதன்.

"மேஸ்திரி, உமக்கும் மரத்துக்கும் ஒரே மண்டைதான்யா."

"ஆமா. ரெண்டும் மறக்காது."

"அதைச் சொல்லல. ரெண்டும் உள்ள வரைக்கும் கட்டை."

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் நான் சொன்னதற்கெல்லாம் மரம் சாட்சி நிற்கிறது.

ஆவணி 12, வியாழன்

விட்டுவிட்டுச் சாரல். தகரப்பட்டைகளைப் பார்த்தேன். காலையில் மரம் கொஞ்சம் பருத்தும் மத்தியானம் வெயிலுக்குச் சுருங்கியும் இருக்கிறது. மனுஷனைப் போலத்தான்.

அடுப்படித் தரையில் விரிசல். சிமெண்டு குழைத்துப் பூசினேன். போன வருஷம் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே. யாழினி கையை வைத்து அச்சு பதித்துவிட்டாள். விட்டுவிட்டேன்.

ஆவணி 21, சனி

மழை இல்லை. வானம் மூடாப்பு.

மேடம் இன்றைக்கு அங்கம்மா கோணலில் துளை போட்டார். எங்கள் வீடுகளுக்கு நேர் மேலே இருக்கிற வரிசை அது. ஏழு வீட்டுக்கும் மேலே ஒரே வரிசையாகப் போகும். அதில் ஒரு மரம்கூட நேராக நிற்காது. அடித்தண்டு பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து, பிறகு வளைந்து மேலே நிமிர்ந்திருக்கும். அரிவாளை நட்டுவைத்த மாதிரி.

அந்த வரிசை நட்டவள் அங்கம்மா. நடவுக்கு வந்த பெண்களில் அவள் ஒருத்தி. நான் மேஸ்திரி. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "நாத்தைக் கோணலா வச்சா மரம் கோணலாத்தான் வரும்" என்று நான் சொல்லிச் சொல்லி, அந்த வரிசைக்கே அங்கம்மா கோணல் என்று பெயர் வந்துவிட்டது. பாரஸ்ட் ஆட்கள்கூட அப்படித்தான் சொல்லுவார்கள். "நான் நேராத்தான் நட்டேன்" என்பாள். நான் கேலி பண்ணுவேன். கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பேத்தி எடுத்த பிறகும் இதே பேச்சுதான். வாசலில் கோலம் கொஞ்சம் இழுத்துக்கொண்டால்கூட, பாரு, கோணல் கை என்பேன்.

இதை மேடத்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் மேட்டுப்பக்கம் ஒன்று, பள்ளத்துப்பக்கம் ஒன்று என இரண்டு குச்சி எடுத்தார். பிறகு, "ஐயா, இந்தச் சரிவுல மண்ணு சரிஞ்சதுண்டா?" என்று கேட்டார்.

"கிடையாது."

"கொஞ்சமாவது?"

"நான் இங்கயேதான் இருக்கேன் மேடம். ஒரு கூடை மண்ணு விழுந்தாக்கூட எனக்குத் தெரியும்."

குச்சிகளைக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஆவணி 24, செவ்வாய்

சாரல்.

(மாமா வேறு எதுவும் சொல்லவில்லை. மேடம் ஏன் அப்படிக் கேட்டார் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். – த.)

புரட்டாசி 3, வெள்ளி

இன்றைக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் எழுதியிருக்கிறாள்.

புரட்டாசி 4, சனி

நேற்று மேடம் வந்தார். குச்சிகளைப் பலகையில் ஒட்டி, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். பெரிதாகக் காட்டும் லென்ஸை என் கண்ணில் வைத்தார்.

கோணல் வரிசை மரத்துக் குச்சி. மேட்டுப்பக்கத்ததும் பள்ளத்துப்பக்கத்ததும் பக்கத்தில் பக்கத்தில். நடுவிலிருந்து எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆறாவது நூல் மாதிரி. அந்த வறட்சி இதிலும் இருந்தது.

பன்னிரண்டு வந்ததும் மாறிவிட்டது. மேட்டுப்பக்கத்தில் கோடு ஒடுங்கிப்போனது. பள்ளத்துப்பக்கத்தில் அகலமாக, கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகு காய்ந்த மாதிரி.

"மரம் சாஞ்சா இப்படித்தான் ஐயா ஆகும். ஊசியிலை மரம், சாஞ்ச பக்கம் கட்டையைத் தடிப்பா வச்சு, முட்டுக் குடுத்து, தன்னைத் தானே நிமித்தப் பாக்கும். பதினோரு வருஷம் இந்த மரம் நேரா நின்னுருக்கு. பன்னெண்டாம் வருஷம்தான் சாஞ்சிருக்கு."

"ஒரு மரம் சாஞ்சிருக்கும்."

"எல்லா மரமும். ஒரே வருஷம்." அடுத்த பலகையை வைத்தார். அதற்கடுத்ததையும் வைத்தார். பன்னிரண்டில் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு. பிறகு நடுவில் இரண்டு இடத்தில் மறுபடியும் சிவப்பு. இரண்டும் பெருமழை பெய்த வருஷங்கள். எனக்கே தெரியும். கடைசியாக மரப்பட்டையை ஒட்டி, போன வருஷம்.

"காத்து" என்றேன்.

மேடம் லென்ஸைக் கீழே வைத்தார். "காத்து மேற்கேருந்துதான ஐயா வருது? மரம் சாஞ்சதும் மேற்கு பாத்துத்தான். காத்தை எதுத்துக்கிட்டா சாயும்?"

நான் லென்ஸை எடுத்து மறுபடியும் பன்னிரண்டைப் பார்த்தேன்.

"மேல இருக்குற மரமெல்லாம் நேரா இருக்கு. இந்த வரிசைக்கு அடியில மண்ணு நகருது. மழை பெரிசா வர்ற வருஷமெல்லாம் நகந்திருக்கு. நான் தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

பன்னிரண்டாம் வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முருகவேல் கைக்குழந்தை. ஐப்பசி மழை விடவே இல்லை. ரோடு அறுந்தது. அரிசி வராமல் உருளைக்கிழங்கையே அவித்துத் தின்றோம். செபஸ்தி வீட்டுப் பசு ஈன்றது. அத்தனையும் இருக்கிறது. சரிவு நகர்ந்தது மட்டும் இல்லை. வறட்சி எல்லாவற்றிலும் மரமும் நானும் ஒன்றுதான் சொன்னோம். அப்படியிருக்க, இதில் மட்டும் மரம் எதற்குப் பொய் சொல்லும்?

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

புரட்டாசி 6, திங்கள்

வானம் வெளுப்பு. பட்டைகளைப் பார்க்கப் போகவில்லை.

புரட்டாசி 12, ஞாயிறு

ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கோணலுக்குக் கீழே இருக்கிற ஏழு வீடும் ஐப்பசி மழைக்கு முன்னால் காலி பண்ணி, மேலே பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்றார்கள். மழை முடிந்து வேறு இடம் பார்த்துத் தருவார்களாம்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் எல்லோரும் கூடி நின்றோம். யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. இது சரியுமா?" என்றாள் ராக்காயி. அவளும் அங்கம்மாவோடு நடவுக்கு வந்தவள்தான்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நாப்பத்திநாலு வருஷமா பாக்குறேன். இந்தச் சரிவு அசையாது."

"அப்பறம் என்ன?" என்று செபஸ்தி துண்டை உதறித் தோளில் போட்டான். "மேஸ்திரி சொல்லிட்டாரு. நீங்க கிளம்புங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். அவ்வளவுதான். மேலும் என் வீட்டில் ஐப்பசி பதினெட்டில் திதி இருக்கிறது. அதற்குள் வீட்டைப் பூட்ட முடியாது. அது வேறு விஷயம்.

(அது வேறு விஷயம் இல்லை. மாமா நேற்று விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "இவ இங்கதான் இருக்கா, எங்க போறது" என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். மரத்துக் குச்சியைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் எப்படி அசையாது என்று சொன்னார்? நான் இதை எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டப் போவதில்லை. – த.)

புரட்டாசி 19, ஞாயிறு

லேசான மழை. பின்கதவு மறுபடி உரசியது. இழைப்புளியை எடுத்தேன். தமயந்தி வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். இவள் என் தங்கச்சி மகள். இதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான் யாழினியைக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன் மாமா."

"போ. யாரு வேணாம்னா?"

"நீங்க?"

"எனக்கென்ன?"

"உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போறது? உங்க மகனுக்கு என்ன பதில் சொல்றது? நீங்க இருந்தா நானும் இருக்கணும். நான் இருந்தா புள்ளையும் இருக்கணும். அதைச் சொல்லுங்க, இருக்கேன்."

"மலை அசையாதும்மா."

"அத்தை என்ன சொல்லுச்சுன்னு தெரியுமா? வருஷா வருஷம் ஐப்பசியில கதவு இறுகுது, கட்டை ஊதுனா எல்லாக் கதவும்ல ஊதணும், முன்கதவு ஏன் ஊதலன்னுச்சு. உங்ககிட்ட சொன்னா, கோணல் கைக்காரிக்குக் கோணல் புத்தின்னு சிரிப்பீங்களாம். அதான் எங்கிட்ட சொல்லுச்சு."

அவள் உள்ளே போன பிறகு கதவைக் கழற்றி, சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். அது கதவாகவே இல்லை. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் நாலு விரல் குறைவு. கோணல் கோணலாக இழைத்திருக்கிறேன், இத்தனை வருஷமாக. நிலைச்சட்டத்தில் மாட்டினால் சரியாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் நிலை எப்படி இருக்கிறது, நிலை நிற்கிற தரை எப்படி இருக்கிறது?

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

மழை இல்லை.

ஒன்றை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். கோணல் என்று முதன்முதலில் எப்போது சொன்னேன்? எல்லாம் தெரிந்த எனக்கு அந்த நாள் கிடைக்கவில்லை. நட்ட அன்றைக்குச் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நட்ட அன்றைக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? நாற்று ஒரு முழம்கூட இல்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வாரம் தவறாமல் அந்த வரிசை வழியாக நடந்திருக்கிறேன். களை வெட்டும்போது, கிளை கழிக்கும்போது, தீ பரவாமல் தீக்கோடு வெட்டும்போது. ஒரு நாளும் கோணல் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

முருகவேலை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சோறு கொண்டுவருகிறாள். ரோடு திரும்பவும் திறந்த சமயம். நான் அந்த வரிசையில் நின்று மரம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். "இந்த வரிசை யாரு நட்டது, இவ்வளவு கோணலா?" என்று கேட்கிறேன். "நான்தான், ஆனா நேராத்தான் நட்டேன்" என்கிறாள்.

அது பதிமூன்றாம் வருஷம்.

புரட்டாசி 26, ஞாயிறு

காலையில் தொட்டிப் பக்கம் எல்லோரையும் வரச் சொன்னேன். வந்தார்கள். ஏதோ சண்டையைத் தீர்த்துவைக்கப் போகிறேன் என்று நினைத்து வந்தார்கள்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்" என்றேன்.

செபஸ்திதான் முதலில் பேசினான். "என்ன மேஸ்திரி, போன பதினஞ்சு நாள்ல மலை உம்மகிட்ட வந்து பேசிருச்சா?"

"நான் சொன்னது தப்பு."

"நாப்பத்திநாலு வருஷமா பாக்குறேன்னு சொன்னது யாரு? நானா? என் மாட்டைக் கொண்டுபோய் ஸ்கூல் வராண்டாவுல கட்டவா? வாத்தியாரு அதுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன வார்த்தையையே எடுத்து எடுத்து என் மேல் போட்டார்கள். அசையாது என்று மேஸ்திரி சொல்லியாச்சு. மேஸ்திரிக்கு வயசாச்சு, அந்தப் பொண்ணு பயங்காட்டிருச்சு. இப்படியே போனது. ஒன்று நன்றாகப் புரிந்தது. நான் அசையாது என்று சொன்னால் நம்புவார்கள். அசையும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். காரணம் ஒன்றுதான் இருந்தது.

"அங்கம்மா நேராத்தான் நட்டா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"நேராத்தான் நட்டா. பதினோரு வருஷம் மரம் நேராத்தான் நின்னுச்சு. முருகவேலு கைக்குழந்தையா இருந்த ஐப்பசியில இந்தச் சரிவு நகந்துச்சு. மரம் அப்பத்தான் சாஞ்சுச்சு. நான் பாக்கல. பாக்காம அவ மேல சொன்னேன்."

ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "முடிச்சு போட்ட கயித்தைப் பிடிச்சில்ல நட்டோம். கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு விரக்கடை போனாலும் நீங்க கம்பால தட்டுவீங்க. எப்படி மேஸ்திரி கோணலாகும்? அவ எத்தனை தடவை சொல்லியிருக்கா. நாங்களும்தான் உங்களோட சேந்து சிரிச்சோம்." கொஞ்சம் நின்று, "நான் பாத்திரத்தைக் கட்டுறேன்" என்று போய்விட்டாள்.

அவள் பின்னால் பெண்கள் போனார்கள். செபஸ்தியின் பெண்டாட்டி லூர்தும் போனாள். அவன் "ஏய், எங்க போற?" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புரட்டாசி 29, புதன்

மூடாப்பு. பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். ஏழு வீடும் வந்துவிட்டது.

நான் கடைசியாக வந்தேன். வீட்டைப் பூட்டக்கூடாதே என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். தமயந்தி, "பூட்டத்தான மாமா கூடாது" என்றாள். விளக்கை ஏற்றிவைத்து, கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தோம்.

செபஸ்தியும் வந்துவிட்டான். லூர்து இல்லாமல் காப்பி போடத் தெரியாதாம். அவன் மாடு சிவப்பி மட்டும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் கட்ட விடமாட்டார்கள் என்கிறான். நான் இன்னும் கேட்கக்கூட இல்லை.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. பளீர் என்று வெயில். ஒரு சொட்டு இல்லை.

பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு லூர்து அதிரசம் சுட்டாள். எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. யாழினிக்கு மட்டும் கையில் கொடுத்தாள். ஆம்பிளைகள் வராண்டாவில் கூடிப் பேசிக்கொண்டார்கள், எனக்குக் கேட்கிற மாதிரி. மழையும் காணோம், மலையும் நகரக் காணோம். நாளைக்குக் கீழே போயிரலாம்.

"மேஸ்திரி, மலை எத்தனை மணிக்குப் புறப்படுதுன்னு கேட்டுச் சொல்லும். வழியனுப்பணும்ல" என்றான் செபஸ்தி.

வெயிலைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது. போகாதீங்க என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

ஐப்பசி 5, புதன்

நேற்று மத்தியானம் பிடித்த மழை. இன்னும் விடவில்லை. யாரும் கீழே போகவில்லை, மழையில் மூட்டை தூக்க முடியாது என்று.

ஐப்பசி 8, சனி

மழை.

செபஸ்தி பால் கறக்கப் போகும்போதெல்லாம் நானும் கூடவே போகிறேன். கொட்டகை வாசலில் நின்று "சீக்கிரம் கறய்யா" என்கிறேன். "நீரு நிக்கிறதைப் பாத்து மாடு பாலை மேல ஏத்திக்கிது" என்கிறான். மாட்டை அவிழ்த்துக் கொண்டுவா என்றால் கேட்பதில்லை.

ஐப்பசி 10, திங்கள்

(நேற்றே மழை நின்று இன்று காலை வெயில் அடித்தது. கீழே போக எல்லோரும் மூட்டை கட்டிவைத்திருந்தார்கள். மாமா சாயங்காலம்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். – த.)

பால் கறந்துவிட்டு நானும் செபஸ்தியும் மேலே வந்துகொண்டிருந்தோம். பாதை திரும்புகிற இடத்தில் அவன் கேனை மறுகைக்கு மாற்ற நின்றான். நானும் நின்றேன். வெயில் சுள்ளென்று இருந்தது. தரையெல்லாம் ஆவி.

சத்தம் எதுவும் இல்லை. பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். எதிரே பார்த்தால் அங்கம்மா வரிசை மரங்கள் நடக்கின்றன. விழவில்லை. நின்ற வாக்கில், வரிசை கலையாமல், ஒன்றையொன்று விடாமல் இறங்கி வருகின்றன. உச்சிக் கிளைகூடப் பெரிதாக ஆடவில்லை. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். செபஸ்தியைப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது.

பிறகுதான் சத்தம் வந்தது. வேர் அறுகிற சத்தம், துணி கிழிகிற மாதிரி. ராக்காயி வீட்டுத் தகரம் மடங்கியது. என் வீடு மடங்கவில்லை. அப்படியே திரும்பியது, ஆள் திரும்பிப் படுக்கிற மாதிரி. அதன் மேல் மண் வந்தது. மண் மேல் மரங்கள் வந்து நின்றன. நான்கைந்து மரம், இன்னும் நிமிர்ந்தபடியே, அடுப்படி இருந்த இடத்தில்.

செபஸ்தி, "சிவப்பி உள்ள கட்டிக் கெடக்கா" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கி ஓடப் பார்த்தான். விடவில்லை. பால் கேன் உருண்டு போனது.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ராக்காயி ஒவ்வொரு ஆளாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தொட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் இருந்தார்கள். கட்டிவைத்த மூட்டைகள் வரிசையாக வாசலில் இருந்தன. இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால் எல்லோரும் அங்கே இருந்திருப்போம்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. திட்டவும் இல்லை. பிள்ளைகள்கூட அழவில்லை.

ஐப்பசி 12, புதன்

முருகவேல் வந்தான். சரிவின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு, "வீடு எங்கப்பா?" என்றான். கையைக் காட்டினேன். எங்கே காட்டுவதென்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

திதி. பள்ளிக்கூடத்து வராண்டாவில் வைத்தோம். போட்டோ மண்ணுக்குள் போய்விட்டது. தமயந்தி போனில் இருந்த படத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். நடுநடுவே படம் அணைந்து போனது. யாழினி விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். செபஸ்தி சாப்பிடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கேலி பண்ணுவான் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை.

ஐப்பசி 24, திங்கள்

வெயில். காற்று இல்லை.

ஆபீஸிலிருந்து வந்தவர்கள் புது இடம் காட்டக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலே, சின்ன சமதளம். ஓடை பக்கத்தில் இருக்கிறது. பஸ் நிற்கிற இடம் கிட்டே. ஓரத்தில் பைன் நட்டிருக்கிறார்கள், இளசு. எல்லாம் நேராக நின்றன.

பெண்கள் அங்கேயே அடுப்பு எந்த மூலை, வாசல் எந்தப் பக்கம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீஸர், "என்ன, எல்லாருக்கும் சம்மதமா?" என்றார்.

பேச்சு நின்றது. ஏழு வீட்டு ஆட்களும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனைக்குப் பிறகும்.

"மேஸ்திரி" என்றாள் ராக்காயி. "இது அசையாதுல்ல?"

நான் மரங்களைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். இந்த இடத்தில் எந்த வருஷம் என்ன மழை, யார் மாடு மேய்த்தார், எங்கே தீ வைத்தார்கள், எல்லாம் ஞாபகம் வந்தது. ஒன்றுவிடாமல் வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

யாரும் நகரவில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்று ராக்காயி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். மறுபடியும் சொன்னேன். செபஸ்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆபீஸரிடம் போய், "சார், அந்தப் பொண்ணை ஒரு தடவை வரச்சொல்லுங்க. துளை போட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் என்றுதான் சொல்ல வாய் வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்ததும் தமயந்தி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன மாமா எழுதட்டும்?"

"அங்க சொன்னதைக் கேட்டயில்ல. அதையே எழுது."